ஆறாம் கூடைக்கு ஒரு சிவப்புத் தட்டு

வியாழக்கிழமை மதியம் செங்கல்பட்டில் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். ஸ்டெல்லாவின் கணவர் ஆரோக்கியம் போன் செய்தார். "ஸ்டெல்லா போயிட்டாண்ணா" என்றார். வரிசையில் முன்னால் நின்றவர் காஞ்சிபுரம் ஒன்று என்றார், கொடுத்தேன். அடுத்தவருக்கும் கொடுத்தேன். நான்காவது ஆளை நிற்கச் சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆறு மாதமாக எதிர்பார்த்த செய்திதான். அதனால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

புதுப்பட்டினத்தில் ஐஸ் பாக்டரி சூப்பர்வைசராக ஸ்டெல்லாவை நூறு பேருக்குத் தெரியும். நம் ஞாயிறு ஆட்டக் குழுவில் இதைப் படிக்கும் உங்களுக்கு அவரை ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவாகத்தான் தெரியும். திருவிடந்தை பக்கம் சவுக்குத் தோப்பில், சங்கிலி தொங்கும் ஒன்பது இரும்புக் கூடைகளுக்கு நடுவே, தோளில் பையும் தலையில் தொப்பியுமாக நிற்பவர். நாம் விளையாடுவது டிஸ்க் கோல்ஃப் என்று வெளியாட்களுக்கு விளக்கி நான் களைத்துப்போவேன். அவர் ஒரே வரியில் முடிப்பார்: "தட்ட வீசி கூடைல போடணும். கம்மியா வீசனவன் ஜெயிச்சான்."

நான் முதல்முறை வந்த நாளை மறக்க முடியாது. புதுத் தட்டுகளை வாங்கி வந்திருந்தேன். ஆறாம் கூடை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கடலைப் பார்த்து நேராகப் போகும் வழி, பாதியில் சவுக்குகளைச் சுற்றி வலது பக்கம் திரும்பும். இடது பக்கம் குட்டை. என்னிடம் இருந்ததிலேயே வேகமான தட்டை எடுத்தேன்.

"அண்ணா, இன்னா தட்டு அது?"

"கடையிலேயே இதுதான் வேகமானதுன்னான்."

"வேகம் கீது. அடங்குமா?"

அடங்கவில்லை. வலது பக்கம் போவது போல் பாவனை காட்டிவிட்டு, கடைசியில் இடது பக்கம் திரும்பிக் குட்டையில் விழுந்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. சுடிதார் காலைச் சுருட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தார். வந்ததும் பாடம் ஆரம்பித்தது.

வலது கைக்காரன் மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசினால், எந்தப் புதுத் தட்டும் கடைசியில் இடது பக்கம்தான் சரியும். அதை வலது பக்கம் வளைக்க வேண்டுமென்றால் வெளி விளிம்பைத் தூக்கிச் சாய்த்து விட வேண்டும். அதற்குப் பெயர்தான் ஆன்ஹைசர். இதெல்லாம் நானும் வீடியோவில் பார்த்திருந்தேன். வீடியோக்காரர்கள் சொல்லாததை ஸ்டெல்லா சொன்னார்.

"முரட்டுத் தட்டு நீங்க சாய்ச்சத அதுவே நிமித்திடும்ணா. இங்க வேண்டியது சொன்ன பேச்சு கேக்குற தட்டு. எந்த வளைவுல வுட்டீங்களோ அதே வளைவுல கடைசி வரிக்கும் போவணும். அடிபட்டு மழுங்குனதுதான் அப்படி போவும். உங்க தோள் இன்னா சொல்லுதோ அத கேளுங்க. தட்டு மேல அச்சடிச்சிருக்கறத கேக்காதீங்க."

அவருடைய ஒவ்வொரு தட்டின் அடியிலும் மையால் கோடு போட்டிருப்பார். கடற்கரையில் காற்றில்லாத நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில், சாய்க்காமல், மட்டமாக வீசுவார். தானாகவே கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தால் ஒரு கோடு, நன்றாகச் சாய்ந்தால் இரண்டு, குப்புற விழப் பார்த்தால் மூன்று. காலையில் கரைக்காற்று முதுகில் அடிக்கும்போது மூன்று கோட்டை எடுப்பார். பதினொரு மணிக்குக் கடல்காற்று முகத்தில் ஏறிவிட்டால் ஒரு கோடு. "எதிர்காத்து தட்ட இன்னும் கவுத்தும். அப்ப போயி மூணு கோட்ட எடுத்தா பாதி வழியிலயே தரைல உருண்டுகினு போவும்." நான் அலமாரி நிறையத் தட்டு வைத்திருந்தேன். அவரிடம் ஏழுதான். ஆனாலும் ஆறாம் கூடையில் அவரை நான் ஜெயித்ததே இல்லை.

அவருடைய இன்னொரு வழக்கமும் உங்களுக்கு நினைவிருக்கும். வீச்சு கெட்டால் காற்றைத் திட்டமாட்டார், மரத்தைத் திட்டமாட்டார். உரக்கத் தீர்ப்புச் சொல்வார். "கை சரி, தட்டு தப்பு." இல்லையென்றால், "தட்டு சரி, கை தப்பு." இரண்டில் ஒன்று. மூன்றாவது காரணத்துக்கு அவரிடம் இடமே கிடையாது.

இனி நான் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாதது.

பாண்டிச்சேரி ஆட்களோடு நமக்கு ஆட்டம் நடந்ததே, அதற்கு முந்தைய வாரம் ஸ்டெல்லா தன் பையை என் காரில் விட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் வெயிலில் கார் நின்றது. பையைத் திறந்தால், அவருடைய மூன்று கோட்டுச் சிவப்புத் தட்டு நடுவில் புடைத்து, விளிம்பு வளைந்து கிடந்தது. என் கவனக்குறைவால் உருகிவிட்டது என்று பதறிப்போனேன். அது வருஷக்கணக்காகவே அப்படித்தான் இருந்தது, அந்தப் புடைப்பில்தான் அதன் சூட்சுமமே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாவு கரைக்கும் அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றித் தட்டை முக்கி, டைல்ஸ் தரையில் கவிழ்த்து, மேலே என் மகளின் நீட் புத்தகங்களை அடுக்கினேன். காலையில் பார்த்தால் தோசைக்கல் மாதிரி மட்டமாக இருந்தது. மிகவும் சந்தோஷப்பட்டேன். சொல்லாமலே பையில் வைத்துவிட்டேன்.

ஆட்டத்தன்று ஆறாம் கூடையில் கரைக்காற்று. ஸ்டெல்லா பார்க்காமலே பைக்குள் கைவிட்டுச் சிவப்பை எடுத்து வீசினார். தட்டு வலது பக்கம் வளைந்து, நிமிர்ந்து, மெல்ல இடது பக்கம் திரும்பிக் குட்டைக்குள் போனது. ஒரே ஒரு வீச்சு வித்தியாசத்தில் தோற்றோம். கரையில் நின்று அவர் சொன்னார்: "தட்டு சரி, கை தப்பு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு நான்கு மாதம் அவர் ஆறாம் கூடையில் நீளமாக வீசவே இல்லை. திருப்பத்துக்கு முன்னால் சின்னதாக ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. தோளில் ஏதோ கோளாறு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதாக ஆரோக்கியம் சொன்னார். ஏன் அடக்கி ஆடுகிறார் என்று நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்டீர்கள். வயசாகுதில்ல என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒருநாள் மதியம் ஐஸ் பாக்டரிக்கே போய்ச் சொல்லிவிட்டேன். பார் ஐஸ் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. வெந்நீர், புத்தகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியை அனுப்பிவிட்டு வந்தார்.

"தட்டு போனா போவுதுணா. இன்னொண்ணு பழக்கிக்கலாம். நாலு மாசமா என் கைய நானே நம்பாம இருந்தேனே. அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வாணாம்" என்று உள்ளே போய், சிவப்பில் ஒரு முரட்டுப் புதுத் தட்டை எடுத்து வந்து நீட்டினார். "இத நீங்கதான் பழக்கணும். பழசு மாதிரியே வரணும். வெந்நி வைக்காம."

இரண்டு வருஷம் பழக்கினேன். ஞாயிறுதோறும் ஆட்டம் முடிந்து நீங்கள் டீ குடிக்கப் போனபிறகு, அந்தத் தட்டைப் பனைமரத்தில் ஐம்பது முறை வீசி அடிப்பேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. காரணம் இதுதான். மாதம் ஒருமுறை ஸ்டெல்லா கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். "இன்னும் திமிரு கீது" என்று திருப்பிக் கொடுப்பார். அவர் மட்டும் நான் உண்மையைச் சொன்ன அடுத்த வாரமே பழையபடி நீளமாக வீச ஆரம்பித்துவிட்டார், இரண்டு கோட்டுத் தட்டில்.

உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்த நாட்களில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார். புதுப்பட்டினம் கடற்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆரோக்கியம் அவரை உட்கார வைத்திருந்தார். "வீசுங்க" என்றார். மட்டமாக வீசினேன். தட்டு தானாக வலது பக்கம் சாய்ந்து, குப்புற விழப் பார்த்தபடியே போய், ஒரு படகைத் தாண்டி விழுந்தது. எடுத்து வந்து கொடுத்ததும், மார்க்கர் வாங்கி அடியில் மூன்று கோடு போட்டார். மூன்றாவது கோடு கோணலாக விழுந்தது.

"தட்டு சரி" என்றார்.

"இந்தா, உன் தட்டு" என்று மடியில் வைத்தேன். திருப்பி என் கையிலேயே கொடுத்தார். "நான் எங்க வீசப்போறேன். நீ வச்சிக்க. அலமாரில வைக்காத, வீசு." அன்று முதல்முறையாக என்னை நீ என்று சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

போன ஞாயிறு, அடக்கம் முடிந்த மறுநாள், தோப்பில் நாம் கூடினோம். ஆறாம் கூடையில் கரைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்று கோட்டை எடுத்து, வெளி விளிம்பைத் தூக்கி வீசினேன். தேவைக்கு மேலே சாய்த்துவிட்டேன். முதல் சவுக்கிலேயே மோதி விழுந்தது. நீங்கள் எல்லாரும் நல்ல மனதோடு, காத்து திரும்பிடுச்சு சார், மனசு சரியில்ல சார் என்றீர்கள்.

நான் உரக்கச் சொன்னது உங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஏன் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அதே இடத்தில், குட்டைக் கரையில், ஸ்டெல்லா தன்மேல் அநியாயமாகப் போட்டுக்கொண்ட பழி அது. அன்று நான் வாய் திறந்திருந்தால் அவர் அதைச் சுமந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தட்டும் அந்த வார்த்தையும்தான் இனி என்னிடம் இருக்கும்.

தட்டு சரி, கை தப்பு.