எட்டாம் தேதிப் பேப்பர்

வளைகுடாவில், தேராத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கடையில் வேலை பார்த்த சதக்கத்துல்லாவுக்கு அமெரிக்க பேஸ்பால் என்றால் உயிர். ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கப்பல் சமையல்காரர்கள் கழித்துப்போடும் பழைய பேப்பர்களைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரூமில் சாப்பிடும்போது, ஏதோ நேற்று நடந்ததுபோலத் தீர்ப்புச் சொல்வார்.

தொண்ணூற்று நான்கு செப்டம்பரின் கடைசி வெள்ளியன்றும் அப்படித்தான்.

"ஸ்டிரைக்காம் ஸ்டிரைக்! கோடி கோடியா வாங்குற ஆட்டக்காரனுக்கு என்ன கேடு? பாத்துக்கிட்டே இருங்க, ஒரு வாரத்துல எல்லாம் சரியாயிடும். ஃபைனல் நடக்கும்."

ஹோட்டலில் வேலை செய்யும் ஃபவாஸ் அங்கே டிவி பார்ப்பவன். "காக்கா, இந்த வருஷம் ஃபைனலே கிடையாதுன்னு சொல்லி ரெண்டு வாரம் ஆச்சு. முதல்ல பேப்பர்ல தேதியப் பாருங்க."

எட்டாம் தேதி. ரூமே சிரித்தது. "சிரிங்கடா, நல்லா சிரிங்க!" என்று கத்திப் பேப்பரைக் கசக்கி எறிந்தவரின் கை, சட்டைப் பைக்குப் போய் நின்றது.

அதில் மனைவி உம்மு சல்மாவின் கடிதம் இருந்தது. ஊரிலிருந்து வந்த ஒருவர் நேற்றுத்தான் கொடுத்தார். அவருடைய வாப்பாவுக்கு மூச்சிரைப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாள். 'ஒரு வாரத்தில் சரியாயிடும்' என்று உடனே பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டார்.

கடிதத்தைப் பிரித்தார். மேலே, எட்டாம் தேதி.

பாதிச் சோற்றில் எழுந்து டெலிபோன் பூத்துக்குப் போனார். நீண்ட வரிசை. தன் முறை வந்ததும், பின்னால் நின்றவரை முன்னே போகச் சொன்னார். அடுத்தவரையும்.