சிறி அத்தானும் மாம்பழம் மணக்கும் யன்னலும்

எங்கட அத்தான் சிறி, மெல்பேர்ன் முழுக்க ஓடித் திரிஞ்சு கார்க் கண்ணாடி மாத்துறவர். அந்த வேலையில அவரை அடிக்க நாங்கள் இருக்கிற கிரான்பர்னில ஆள் இல்லை. அதைவிடப் பெரிய விசயம், மனுசனுக்குப் பொய் சொல்ல வராது. புதுக் கண்ணாடி மங்கலா இருக்கெண்டு ஒரு மனுசி சண்டைக்கு வந்தவ. "கண்ணாடியில பிழை இல்லை. நீங்கள் காருக்குள்ள வேப் அடிக்கிறீங்கள், அந்தப் புகைதான் எண்ணெய் மாதிரிப் படிஞ்சிருக்கு" எண்டு முகத்துக்கு நேரே சொன்னவர்.

அப்பிடிப்பட்டவர் தானும் வீட்டுக்குள்ள இருந்து அந்த மின்சிகரெட், வேப் அடிப்பார். சிகரெட்டை விட்டவர், அதுக்குக் கைதட்டத்தான் வேணும். ஆனால் என்ர அக்கா சுஜீவாவுக்கு இது எட்டாம் மாதம். பிள்ளைக்கெண்டு ஒதுக்கின அறையிலதான் இவற்ற கொம்பியூட்டரும் கிடக்குது, அதுக்கு முன்னால இருந்துதான் அடிக்கிறது. அந்த அறைக்கு மஞ்சள் பெயின்ற் அடிச்சு மேகம் கீறினதும் அவர்தான். மேகமாம். எனக்கு இடியப்பம் மாதிரித்தான் தெரியுது.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா சாமிப்படம் துடைக்கேக்க கண்ணாடி பிசுபிசுத்தது.

"இஞ்ச பாருங்கோ, உங்கட வேப்!"

"அது கார், இது வீடு. ரெண்டும் ஒண்டோ? இது நீர் வடை பொரிச்ச எண்ணெய்."

"நான் பொரிக்கிறது கராஜுக்குள்ள!"

வீடு மணக்கக்கூடாதெண்டு இஞ்ச எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடித்தான் பொரிக்கிறவை. அக்கா கத்தேல்லை. பிள்ளைக்கு வாங்கின கட்டிலை என்னையும் பிடிக்கச் சொல்லி ஹோலுக்குக் கொண்டுவந்தா.

"பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து நேரா அம்மா வீட்டைதான் போகும். இந்த அறைக்குள்ள விடமாட்டன்."

அத்தான்ர முகம் விழுந்துபோச்சு. எனக்குச் சும்மா இருக்க ஏலாது. போய் அந்த அறை யன்னலின்ர உள்பக்கத்தில, விரலால மீசையும் கொம்பும் வைச்சு அத்தான்ர படம் கீறினன். ஈரமில்லாத கண்ணாடி, ஆனால் கோடு அப்பிடியே நிண்டுது.

"டேய் அனோஜன், எருமை!"

வேலைத் துணியோட ஓடிவந்து துடைச்சார். மீசை போகேல்லை, கலங்கி இழுபட்டுது. திரும்பத் துடைச்சார். பிறகு துணியை மூக்கில வைச்சு மணந்து பார்த்தார்.

"மாம்பழம்" எண்டார். அவற்ற வேப்பின்ர வாசம்.

வேற ஆளெண்டால் தூசியெண்டு சொல்லித் தப்பியிருக்கும். அத்தான் குசினிக்குப் போய் அக்காவுக்கு முன்னால துணியை விரிச்சார். "சுஜீ, நீர் சொன்னதுதான் சரி. ஊர்ச் சனத்துக்கெல்லாம் சொல்லுறன், எனக்குத்தான் சொல்லேல்லை."

அடுத்த நாள் வேலைக்குப் போகேல்லை. சுவர், திரைச்சீலை, கதிரை எல்லாத்துக்கும் சவர்க்காரத் தண்ணி. தேய்க்கேக்க ஒரு மேகம் அழிஞ்சுபோச்சு. மிச்ச மேகங்களையும் விடாமல் தேய்ச்சார்.

வேப்பை விட்டிட்டாரோ? இன்னும் இல்லை. இப்ப மழையெண்டாலும் வெளியில, குப்பை வாளிக்குப் பக்கத்தில நிண்டுதான் அடிக்கிறார். உடுப்பு மாத்தாமல் உள்ளுக்கு வாறேல்லை.

அண்டைக்குக் கழுவி முடிய அக்கா வெள்ளை ரிசுக் கடதாசி எடுத்து யன்னல், கதவு, சுவர் எல்லாம் துடைச்சு, மணந்தும் பார்த்தா. கடதாசி வெள்ளையாவே இருந்துது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? கட்டிலைக் கொண்டு வாங்கோ."

அத்தான் என்னைக் கூப்பிடேல்லை, தனியத் தூக்கினார். கதவு நிலையில இடிச்சுப் பெயின்ற் உரிஞ்சுது. அக்காவும் அத்தானும் அதைக் காணாத மாதிரியே நிண்டினம்.