விடுதிக்காரி கேட்ட சாவி

என் வீட்டுக்காரர் இறந்தபோது நான் அழவில்லை. ஊர் சுற்றினால் சரியாகிவிடுமாம். விருத்தாசலத்து வீட்டைப் பூட்டி, மகள் என்னைப் போர்ச்சுகலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊரில் தங்கினோம். கைப்பிடியில்லாத மதில்மேல் நடந்தோம். அவள் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயம்கூட வரவில்லை.

"நல்லா இருக்குதாம்மா?"

"இருக்குது."

மறுநாள் விடுதியைக் காலி செய்தோம். விடுதிக்காரி கையை நீட்டி, "ஷாவி" என்றாள். அவர்களிடமிருந்து நமக்கு வந்த சொல்தான் அது என்று மகள் சொல்லியிருந்தாள். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா, ரூம் சாவி எங்கிட்ட இருக்குது. அது நம்ம வூட்டுச் சாவி!"

விடுதிக்காரி சிரித்துக்கொண்டே திருப்பி நீட்டினாள். மகள்தான் வாங்கினாள். எனக்குக் கை நீளவில்லை.