தண்ணீர் பார்க்காத படகின் பலகைகள்

பழைய மரம் விற்கிறவனுக்கு மரத்தைத் தெரிந்தால் போதாது, அது முன்னே என்னவாக இருந்தது என்பதும் தெரியவேண்டும். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திண்டிவனத்தில் மரவாடி வைத்திருந்தேன்.

காலிப் பட்டறையில் உளிச் சத்தம்

ஐம்பதுகளில் மரக்காணம் கால்வாய்க்கரை நெடுகப் படகுப் பட்டறைகள். பட்டணத்துக்கு உப்பேற்றிப் போகும் படகுகள். மரம் என் வாடியிலிருந்துதான். அப்புறம் லாரி வந்தது. கால்வாய் தூர்ந்தது, பட்டறைகள் மூடின. அந்தோணி மேஸ்திரி கட்டிய கடைசிப் படகு மட்டும், வேலை முடிந்தும் தண்ணீரில் இறங்காமல் கொட்டகையில் நின்றது. சொந்தக்காரர் அதை வெறும் மரமாக எனக்கு விற்றுவிட்டார்.

நடுப்பகலில் போனேன். உள்ளே உளி அடிக்கும் சத்தம். கதவைத் தள்ளினேன். ஆளில்லை, சத்தமும் நின்றது. வெளியே மேஸ்திரி பீடி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே யார் என்றேன்.

"பட்டறை மூடிட்டோம்னு உளிக்கு யாரும் சொல்லல, முதலாளி."

ஒரு குடம்

தண்ணீர் பார்க்காத படகில் ரம்பம் வைக்கமாட்டார்கள். அந்தக் கரை வழக்கம். கூலிக்கு அமர்த்திய ஆட்கள் கை கட்டி நின்றார்கள். "ஒரே ஒரு தபா மிதக்கட்டும், அப்புறம் அறுத்துக்குங்க" என்றார் மேஸ்திரி. "தண்ணி எங்கய்யா கீது? ஜல்தி ஆவட்டும்" என்றேன். கால்வாயில் சேறுதான். மேஸ்திரி கடலுக்கு நடந்துபோய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து படகின் முகப்பில் ஊற்றினார். ஒரு சொட்டு கீழே விழவில்லை. மரம் அத்தனையும் குடித்தது. ஆட்கள் ரம்பத்தை எடுத்தார்கள்.

"பாத்தீங்களா முதலாளி? இன்னும் தாகம் அடங்கல" என்றார் மேஸ்திரி.

வேர்க்கும் கதவு

முகப்புப் பலகைகளைத் திருவெண்ணெய்நல்லூர் கோவிந்தன் என்ற விவசாயி வாசல்கதவுக்கு வாங்கினார். சித்திரையில் திரும்பி வந்து நின்றார். கதவு வேர்க்கிறதாம், நாக்கில் வைத்தால் உப்பாம். அமாவாசையானால் தாழ்ப்பாள் போட்டாலும் தானாகத் திறந்துகொள்கிறதாம். எண்ணெய் பூசச் சொன்னேன். முறைத்தார்.

"யோவ், கதவுதானே கேட்டேன். எங்கூட்ல இன்னாத்தக் கொண்டாந்து நிறுத்திகீறே?"

ஐப்பசி

பெண்ணையாற்றில் வெள்ளம் ஏறியது. கோவிந்தன் மறுபடி வந்தார், இந்தத் தடவை சண்டைக்கு இல்லை. வீட்டில் கணுக்கால் தண்ணீர்தான். பானைகூட நகரவில்லை. கதவு மட்டும் கீலை விட்டுப் போயிருந்தது. ஆள் ஓட்டுகிற மாதிரி ஆற்றில் நேராகக் கிழக்கே போனதாம்.

மரக்காணம் பஸ் ஏறினேன். மேஸ்திரி படுக்கையில் கிடந்தார், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கதவு ஆற்றோடு போனதைச் சொன்னேன். கண் திறந்தார். "ஒரு பக்கமா சாயலியே?" என்று கேட்டார். சாயவில்லை என்றேன். நான் எங்கே பார்த்தேன்?

"அப்ப சரியாத்தான் கட்டிகீறேன்."

விற்றதோடு கை கழுவியாயிற்று என்றுதானே, வாடிக்காரர்களே, நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.