பாட்டுக்குப் பதில் சொன்ன மணி

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொள்ளிடக் கரைப் பக்கம், தென்னந்தோப்பும் நாலைந்து வீடுகளுமாக இருந்த இடத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில்வேயில் கார்டு வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். தனியாக இருக்க நான் பயப்படுகிறேன் என்று, புத்தூரில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். மணி என்று பேர் வைத்தோம். முகம் தெரியாத ஊரில் நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் மணியிடம்தான்.

அப்போது ஒரு சினிமாப் பாட்டு ரொம்பப் பிரபலம். பல்லவி முடிந்ததும் 'லொள் லொள்' என்று நாய் குரைக்கும். நிஜ நாய் எங்கே, யாரோ ஒரு மனுஷர்தான் மைக் முன்னால் நின்று குரைத்திருப்பார். நேயர் விருப்பத்தில் அந்தப் பாட்டு வந்தால் போச்சு! மணி எங்கே இருந்தாலும் ஓடி வந்து, ரேடியோ முன்னால் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி 'ஊ...' என்று ஒரு இழுப்பு இழுக்கும். கடைசியில் கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு வளைவு வேறு. "என்னங்க, உங்க வீட்டு பாகவதர் ஆரம்பிச்சுட்டாரா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார்.

தை மாதத்தில் ஒரு நாள் மணியைக் காணோம். கணவர் டியூட்டிக்குப் போயிருந்தார். "மணி, மணி" என்று கத்திக்கொண்டே தெருத் தெருவாக அலைந்தேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, வாட்சைப் பார்த்து, "எட்டேகாலும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று அழுகைதான் வந்தது. மறுநாளும் மணி வரவில்லை. எங்கேயாவது மாட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறதோ என்று ராத்திரி முழுக்க வாசல் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் விடிந்தபோது ஒரே பனி. தென்னை மரங்களுக்கு அடி இருந்தது, தலையைக் காணோம். தோப்போரம் ஒரு வீட்டில் காதுகுத்து. மைக்செட்டுக்காரர் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, ரெக்கார்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் என்ன தோன்றியதோ, நேரே அவரிடம் போய், "அண்ணே, அந்த நாய் குரைக்கிற பாட்டு இருக்கா? கொஞ்சம் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மணியைக் காணாத விஷயத்தையும் சொன்னேன்.

"இருக்கும்மா. ஆனா விசேஷ வீட்ல முதல் பாட்டு சாமி பாட்டுதான் போடணும். இதைப் போட்டா என்னைக் கட்டிவெச்சு உதைப்பாங்க" என்று தயங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிள்ளையார் பாட்டு ஒன்றை வைத்து, முதல் வரி முடிந்ததும் ஊசியைத் தூக்கினார். "பிள்ளையார்கிட்ட சொல்லிட்டேன். வர்றது வரட்டும்" என்று அந்தப் பாட்டை வைத்தார்.

பனிக்குள் அந்தப் பாட்டு போன விதத்தை எப்படிச் சொல்வது? எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாமல் தோப்பு முழுக்கப் பரவியது. நான் நின்ற இடமே மறந்துபோய், கனவில் கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தேன். 'லொள் லொள்' வந்ததும் தெரு நாய்கள் அத்தனையும் சேர்ந்துகொண்டன.

குழந்தையின் தாத்தா துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "யோவ், காது குத்துற வீட்ல என்னய்யா நாய்ப் பாட்டு?"

மைக்செட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார். "ஐயா, இந்தம்மா வளர்த்த நாயைக் காணோமாம். இந்தப் பாட்டைக் கேட்டா அது குரல் குடுக்குமாம்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பெரியவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார். "நீ மறுபடி போடுய்யா."

மறுபடியும் பாட்டு, மறுபடியும் அந்தக் குரைப்பு. மைக்செட்டுக்காரர் சட்டென்று ஊசியைத் தூக்கிவிட்டார். சமையல்காரர் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பட்டுப்புடவைப் பெண்கள் வாசலில் அசையாமல் நின்றார்கள். அழுத குழந்தையைக்கூட அதன் அம்மா மார்போடு அணைத்துக்கொண்டாள். தெரு நாய்களும் ஓய்ந்தன. ஓலையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது.

ரொம்ப தூரத்தில், பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி, 'ஊ...' என்று ஒரு இழுப்பு. கடைசியில் அந்த வளைவு!

"அந்தா, வடக்கால!" என்று முதலில் ஓடியவர் பெரியவர்தான்.

தோப்புக்கு அந்தப்புறம் மணல் தூர்ந்த பாழுங்கிணறு. மணி அடியில் கிடந்தது. மைக்செட்டுக்காரர் கயிற்றைக் கட்டி இறங்கி, பெரியவரின் துண்டில் சுற்றி மேலே கொண்டுவந்தார். நான் மணியை மடியில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன். "காது குத்துறப்போ எங்க பேத்திகூட இந்த அழுகை அழமாட்டாம்மா" என்றார் பெரியவர். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

முன்பின் தெரியாத ஒருத்தியின் நாய்க்காக ஒரு விசேஷ வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்றும் யாராவது கஷ்டம் என்று என் வாசலில் வந்து நின்றால், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு முதலில் காது கொடுத்துக் கேட்கிறேன். அன்று அவர்கள் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால், என் மணி அந்தக் கிணற்றுக்குள்ளேயே பாடி முடித்திருக்கும்.