சனிக்கிழமை ஆறு மணிக்குள்

மாணிக்கவாசகம் பட்டுச் சேலைக்கு டிசைன் கிராஃப் போடுகிறவர். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் போட்ட மயில் ஏறாத தறி குறைவு. எனக்கு மட்டும் அவர் ஒரு ராஜா. இருபது வருடத்துக்கு முன் என் பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்தான் அவருடைய அரண்மனை.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து குரு என்பவர் இமெயிலிலேயே ஒரு போர் விளையாட்டு நடத்தினார். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு நாடு. படை எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்ற உத்தரவை சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அனுப்பியதுதான், மாற்ற முடியாது. யார் ஜெயித்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தெரியும். மாணிக்கவாசகத்துக்கு டைப் அடிக்க வராது. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஐந்தே முக்காலுக்கு வேர்த்து விறுவிறுக்க ஓடி வருவார், உலகமே தன்னை நம்பித்தான் இருக்கிறது என்ற முகத்தோடு. அந்த சனிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அந்தப் போரில் அவருக்கு ஒரே கூட்டாளி ஜான்சன். வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை. பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான், ஆனாலும் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. எல்லாம் மெயில்தான். படை யோசனையில் தொடங்கி மகள் ஏஞ்சலின் காய்ச்சல் வரைக்கும் ஜான்சன் எழுதுவார்.

ஒரு வாரம் குரு அனுப்பிய போர் வரைபடத்தை அச்செடுக்க முடியாமல் என் பிரிண்டர் மக்கர் பண்ணியது. திரையைப் பார்த்து மாணிக்கவாசகமே வரைபடத்தைக் கிராஃப் தாளில் வரைந்து, இருபது வரிசைகளுக்கும் எண் போட்டார். தறியில் டிசைன் அடியிலிருந்து மேலே வளரும். அதனால் டிசைன் தாளில் ஒன்றாம் வரி அடியில். கைப்பழக்கத்தில் இதிலும் அப்படியே போட்டுவிட்டார். குருவின் வரைபடத்திலோ ஒன்று மேலே. பதினேழாம் வரிசையில் எதிரிக் கோட்டைக்குப் போக வேண்டிய கப்பல் படையை நாலாம் வரிசைக்கு என்று சொன்னார். நானும் மக்கு மாதிரி அடித்து அனுப்பினேன்.

நாலாம் வரிசையில் இருந்தது ஜான்சனின் தலைநகரம். காவலுக்கு ஒரு ஆள் கிடையாது. மாணிக்கவாசகத்தின் எல்லையைக் காக்கத் தன் மொத்தப் படையையும் அவர் அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜான்சனிடமிருந்து ஒரே வரி வந்தது, உங்களை நம்பினேன் சார் என்று. இவர் மன்னிப்பு மட்டும் கேட்டு எழுதினார். காரணம் சொன்னால் சாக்கு மாதிரி இருக்குமாம். பதில் வரவில்லை. வாலாஜாபாத் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள் என்று திட்டினேன். எந்த முகத்தோடு போவது என்றார். அடுத்த சனிக்கிழமை அவரும் வரவில்லை.

இப்போது என் கடையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும்தான். போன மாதம் குருவின் மெயில் வந்தது, பழைய ஆட்களை வைத்து மறுபடி தொடங்குவதாக. பட்டியலில் ஜான்சன் பெயரும் இருந்தது. விஷயம் சொன்னதும் மாணிக்கவாசகம் அந்தப் பழைய கிராஃப் தாளோடு வந்து நின்றார். இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் மனுஷன். அதைப் படம் எடுத்து, நடந்ததை விளக்கி, ஜான்சனுக்கு அனுப்பினோம்.

நாலு நாள் பதில் இல்லை. முதல் சனிக்கிழமை, ஐந்தரைக்கு வந்தது.

“தலைநகரத்தை இந்த வாட்டியும் காலியாத்தான் வுட்டிருக்கேன் சார். நீங்க கீழருந்தே எண்ணுங்க.”

மாணிக்கவாசகம் இரண்டு முறை படித்தார். பிறகு பாதிப் படையை ஜான்சனின் தலைநகரக் காவலுக்கு அனுப்பச் சொன்னார். கட்ட எண்ணை மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் நான் அனுப்பினேன்.