பூட்டை விடாமல் திருப்பிய கார்

நட்டநடு ரோட்டில் கார் தவளை மாதிரி துள்ளியது. டயர் கீச்சென்று கத்தியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழுந்து நின்றார்கள். ஓட்டியது நான்தான். பேரன் பேத்தி எடுத்தவள் ரேஸ் காரில் உட்கார்ந்திருந்தால் எழுந்து பார்க்காமல் என்ன செய்வார்கள், பாவம்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. ரிப்பேர் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு எங்கள் குப்பத்தில் டிராக்டர் ஓட்டினேன். கரைக்கு வந்த படகைக் கயிறு கட்டி மணலில் மேலே இழுத்துப் போடுவது தொழில். படிப்பைக் கேட்காதீர்கள். பஸ் போர்டு படிப்பேன், பஸ் நின்றால்.

அன்று கிளட்ச் மாற்றிய கார் ஜப்பான் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஓனர் கார்த்திக் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், லீவு நாளில் செய்யூர் பக்கம் மண் டிராக்கில் ரேஸ் ஓட்டுவார். கியருக்குப் பக்கத்தில் விரலால் உருட்டுகிற சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. சென்டர் டிஃபரன்ஷியலுக்கு அதுதான் கடிவாளம்.

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விடக் கூடுதல் தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது சென்டர் டிஃபரன்ஷியல். உருட்டிப் பூட்டிவிட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். மணலில் அது நல்லது, டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஒடித்துத் திருப்பினால் முரண்டு பிடித்துத் துள்ளும்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. டிராக்டரிலும் பூட்டு உண்டு. ஆனால் அது பெடல். மிதித்தால் பூட்டும், காலை எடுத்தால் தானே விட்டுவிடும். நான் சவுக்குத் தோப்பு மணலில் சக்கரத்தை உருட்டிப் பூட்டினேன். வண்டி அழகாக ஏறி வந்தது. தார் ரோட்டுக்கு வந்ததும் என் கால் பழக்கப்படி தூக்கிக்கொண்டது. காருக்கு என் காலைப் பற்றி என்ன தெரியும்? யூ டர்ன் போட்டேன், துள்ளியது.

எதிரில் இருந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து முதலாளி வேலு ஓடி வந்தார், கூடவே கார்த்திக்கும்.

"எறங்கு ஆயா. சாவிய குடு. இனிமே டெஸ்டுக்கு சுரேஷு போவான். நீ வாட்டர் வாஷ் பாத்துகினு இரு."

நான் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"வண்டி கழுவ வேற ஆளப் பாரு நைனா. நான் எறங்கல."

கார்த்திக் அதற்குள் ரோட்டில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஒழுகல் எதுவும் இல்லை. எழுந்து, என்ன ஆச்சு என்று கேட்டார்.

"பூட்டுனத வுடாம திருப்பிட்டேன். டிராக்டர்ல அதுவே வுட்டுடும், இத்த நாமதான் வுடணும். ஏறு, மறுபடி ஓட்றேன். இந்த எடத்துல இன்னொருவாட்டி சத்தம் வந்தா நானே போயி ஓஸ் பைப்ப புடிக்கிறேன்."

வேலு வேண்டாம் என்றார். இவ்வளவு விலை வண்டி, உடைந்தால் யார் பொறுப்பு என்றார். கார்த்திக் ஏறினார். நம்பி ஏறவில்லை. மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், பழனிக்குக் காவடி தூக்குகிற மாதிரி.

ஏரிக்கரை மண் ரோடு காலை மழையில் ஊறிக் கிடந்தது. பூட்டை முழுக்க விட்டு ஓட்டினேன். வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் பின்பக்கம் ஒதுங்கிப் போனது. முழுக்கப் பூட்டினேன். இப்போது மூக்கு திரும்பாமல் நேராக முள் புதரைப் பார்த்துப் போனது. "பாதில வைங்க பாட்டி" என்றார் கார்த்திக். வைத்தேன். சொன்ன பேச்சு கேட்கிற மருமகள் மாதிரி வளைந்தது. எனக்கு வாய்த்தவள் அப்படியில்லை, அது வேறு கதை.

மணலில் மறுபடி முழுப் பூட்டு. தார் ரோடு ஏறும் முன் நிறுத்தினேன். கால் தூக்கிக்கொண்டுதான் இருந்தது, அதை அதன் போக்கில் விட்டுவிட்டு விரலால் உருட்டினேன். வாய்விட்டு "வுட்டாச்சு" என்றேன். அதே டீக்கடை, அதே கிளாஸ்கள். முன்பை விட இறுக்கமாகவே ஒடித்தேன். கார்த்திக் கண்ணாடியை இறக்கி வெளியே காதை நீட்டியிருந்தார்.

சத்தம் இல்லை. பாதித் திருப்பத்தில் அவர் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார். முழுதும் திரும்பியதும் இன்னொரு கையையும் எடுத்தார்.

வேலு அப்போதும் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அவரைத் தாண்டிப் போய்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்து எந்த வண்டி என்று கேட்டேன். முனகிக்கொண்டே ஒரு வேனைக் காட்டினார். வாட்டர் வாஷ் பேச்சு அதன் பிறகு வரவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தப்பு நடந்தால் மறைக்காதீர்கள், அழவும் வேண்டாம். அதே வண்டியை அதே இடத்தில் சரியாகத் திருப்பிக் காட்டிவிட்டு இறங்குங்கள். அதற்கு முன்னால் யார் இறங்கச் சொன்னாலும் காது கேட்காத மாதிரி இருங்கள். என் வயதில் அது ரொம்பச் சுலபம். நீங்கள்தான் கொஞ்சம் பழக வேண்டும்.